எங்கப்பா நடப்பேன்?

சர்க்கரை டாக்டரின் அறையிலிருந்து வெளியே வந்து, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே சித்தி கேட்டார்: “தினமும் முக்கா மணி நேரம் நடக்கச் சொல்றாரே, எங்கப்பா நடப்பேன்?” அதில் அலுப்போ கோபமோ இல்லை. ஊருக்குப் புதிதாக வந்தவர் வழி கேட்பது போலக் கேட்டார். “வீட்டுக்குக் கீழேயே நடங்க சித்தி, மனசு வச்சா முடியும்” என்று சொல்லிவிட்டு நான் ஆட்டோ பிடிக்கப் போய்விட்டேன். மூன்று வருடம் ஆகிவிட்டது. நான் சொன்ன அந்தப் பதில் இன்றைக்கும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

என் அம்மாவும் சித்தியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டிக் கூவம் கரையில் பிறந்து வளர்ந்தவர்கள். இடையில் மூன்று வயதுதான். ஒரே பானையில் சாப்பிட்டார்கள், பானை காய்ந்த நாட்களில் ஒன்றாகவே பட்டினி கிடந்தார்கள். என் அப்பாவுக்கு ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை இருந்ததால் அம்மாவுக்கு முதலில் குவார்ட்டர்ஸும், அப்பா ஓய்வுபெற்ற பிறகு திருமங்கலம் பக்கம் ஒரு சின்ன ஃபிளாட்டும் அமைந்தன. சித்தப்பா மீன்பாடி வண்டி ஓட்டினார். சித்தி அக்கம்பக்கத்தில் வீட்டு வேலை பார்த்தார். அவர்கள் 2017 வரை கரையிலேயே இருந்தார்கள். அன்றைக்கு டாக்டர் அறையில் அக்காவையும் தங்கையையும் அடுத்தடுத்து எடை பார்த்தார்கள். அம்மா 63 கிலோ, சித்தி 81. உயரம் இருவருக்கும் ஐந்தடி ஒரு அங்குலம். டாக்டர் சித்தியிடம், “உங்க அக்காவைப் பாருங்க, எவ்வளவு கட்டுப்பாடா இருக்காங்க. வாயைக் கட்டணும்மா” என்றார். அவர் நல்ல மனிதர்தான், கடுமையாகக்கூடச் சொல்லவில்லை. சித்தி தலையை ஆட்டினார். அம்மா மட்டும் ஏனோ தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா ஏன் தரையைப் பார்த்தார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. தங்கையைவிடத் தான் கட்டுப்பாடானவள் இல்லை என்று அவருக்குத் தெரியும். எங்கள் வீட்டில் இனிப்புக்கு முதல் கை அம்மாவுடையது. சித்திதான் சின்ன வயதிலிருந்தே எதையும் பாதி பிட்டு அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுச் சாப்பிடுகிறவர்.

உடம்பு வைத்த காலம்

நான் பள்ளியில் படித்த தொண்ணூறுகளில் நிலைமை நேர்மாறாக இருந்தது. அப்போது அம்மாதான் பருமன். சித்தி குச்சி மாதிரி இருப்பார், கன்னம் ஒட்டிப்போயிருக்கும். பொங்கலுக்கு வந்தால் அக்காவின் ரவிக்கையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று இருவரும் சிரிப்பார்கள். “எங்கக்காவுக்கு உடம்பு வச்சிருச்சு, வசதி வந்திருச்சு” என்று சித்தி பெருமையாகத்தான் சொல்வார். நம் பேச்சில் ‘உடம்பு வைத்திருக்கிறது’, ‘பூசினாற்போல இருக்கிறாள்’ என்பதெல்லாம் பாராட்டு. சோறு நிச்சயமில்லாத பல தலைமுறைகள் அந்தச் சொற்களுக்குள் இருக்கின்றன. எங்கள் பாட்டி பேரன் பேத்திகளைத் தூக்கி எடைபோட்டுப் பார்த்துதான் முத்தம் கொடுப்பார்.

அந்தத் தொண்ணூறுகளில், 1996-இல், சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் வி. மோகனின் குழு சென்னையில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. நகரத்துக்குள்ளேயே இரண்டு பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று நடுத்தர வருமானக்காரர்களுடையது, மற்றொன்று குறைந்த வருமானக்காரர்களுடையது. நடுத்தரப் பகுதியில் 12.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். ஏழைகள் பகுதியில் 6.5 சதவீதம், கிட்டத்தட்ட பாதி. எல்லாரும் எதிர்பார்த்ததுதான், ‘பணக்கார வியாதி’ என்று அதற்கு அப்போதே பெயர் இருந்தது. பத்து வருடம் கழித்து அதே இரண்டு இடங்களுக்கும் மறுபடி போனார்கள். நடுத்தரப் பகுதியில் 15.4 ஆகியிருந்தது, ஏழைகள் பகுதியில் 15.3. முதல் பகுதியில் ஏற்றம் 24 சதவீதம், இரண்டாவதில் 135 சதவீதம். இந்த எண்களை முதல்முறை படித்தபோது எனக்கு அந்தக் கண்ணாடி முன்னால் நின்ற இரண்டு பெண்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். சர்க்கரை நோயும் பருமனும் ஒன்றல்ல என்பது தெரியும். ஆனால் எங்கள் குடும்பத்தில் இரண்டும் ஒரே வண்டியில்தான் வந்து இறங்கின.

இந்தியா முழுவதையும் எடுத்துக்கொண்டால் இன்னமும் பணம் ஏற ஏற எடையும் ஏறத்தான் செய்கிறது. கிராமத்து ஏழைகளிடம் மெலிவுதான் பெரிய பிரச்சினை. பணக்கார நாடுகளில், முக்கியமாகப் பெண்களிடம், இது தலைகீழ்: ஏழைப் பெண்கள்தான் கூடுதல் பருமன். நம் பெருநகரங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில், கணக்கு புரண்டுகொண்டிருக்கிற கட்டத்தில் இருக்கின்றன. அதிலும் தமிழ்நாடு முன்னால் ஓடுகிறது. 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் கூடுதல் எடை அல்லது பருமன். 2019-21 கணக்கெடுப்பில் அது 40.4. நாடு முழுவதற்குமான அளவு அப்போது 24 சதவீதம். எண்ணிப் பாருங்கள், இடையில் ஐந்தே வருடம். அந்த ஐந்து வருடத்தில் நூற்றுக்குப் பத்துப் பெண்கள் திடீரென்று மனக்கட்டுப்பாட்டை இழந்துவிட்டார்களா? அப்படி நடக்காது என்று யாருக்கும் தெரியும். ஆனால் ஒரு பெண் தனியாக டாக்டர் முன்னால் உட்காரும்போது மட்டும் நாம் அப்படித்தான் பேசுகிறோம். நானும் அன்று அப்படித்தான் பேசினேன்.

ஆறாவது மாடியில் ஒன்பது நாள்

கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய் வைத்த கதை சென்னைக்காரர்களுக்குத் தெரியும். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஓ.எம்.ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி அடுத்தடுத்து எழுந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அது வேகமெடுத்தது. 2017-இல் சித்திக்கும் அப்படி ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பில், ஆறாவது மாடியில் வீடு கிடைத்தது. வீட்டைக் குறை சொல்ல மாட்டேன். மழைக்கு ஒழுகாத கூரை, உள்ளேயே கழிப்பறை. சித்தி பால் காய்ச்சிய அன்று அழுதார், சந்தோஷத்தில்தான். அதற்குப் பிறகான ஆறு வருடத்தில் அவர் உடம்பில் இருபது கிலோ ஏறியது.

டாக்டரைப் பார்த்து வந்து நாலு மாதம் கழித்து சித்தப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. தம்பி, அதாவது சித்தி மகன், ஓசூரில் வேலையில் இருந்தான். சித்தி வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் பிடிப்பார்கள். சித்தப்பாவைப் பார்த்துக்கொள்ள நான் லீவு போட்டுவிட்டு அங்கே போய் ஒன்பது நாள் தங்கினேன். அதற்கு முன்னால் அந்த வீட்டில் நான் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

சித்தி நாலே காலுக்கு எழுந்திருப்பார். குடிதண்ணீர் கீழே குழாயில்தான் வரும். லிஃப்ட் ஓடினால் குடம் லிஃப்டில் ஏறும். ஓடாத நாளில் சித்தி ஒரே ஒரு குடத்தோடு நிறுத்திக்கொள்வார், முட்டி வலிக்கும். நான் இருந்த ஒன்பது நாளில் லிஃப்ட் நாலு நாள் ஓடவில்லை. ஆறு மாடி ஏறி இறங்குவதே நல்ல உடற்பயிற்சி ஆயிற்றே என்று அலுவலக நண்பர் ஒருவர் பின்னால் கேட்டார். முட்டி நன்றாக இருப்பவருக்கு அது உடற்பயிற்சிதான். முட்டி போனவர் என்ன செய்வார் என்றால், இறங்குவதைக் குறைத்துக்கொள்வார். தண்ணீர் எடுப்பது போக, காலையில் ஒருமுறை இறங்கி, இரவில் ஒருமுறை ஏறுவதோடு சரி. நடுவில் கடைக்கு, பக்கத்து பிளாக்கில் இருக்கும் தோழியிடம் பேச, கோயிலுக்கு என்று இருந்த சின்னச் சின்ன நடைகளெல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோயின. ஞாயிற்றுக்கிழமையில்கூட அவர் இறங்குவதில்லை.

பழைய இடத்தில் சித்திக்கு ஐந்து வீட்டு வேலை இருந்தது. புதுப்பேட்டை, எழும்பூர், சிந்தாதிரிப்பேட்டை என்று எல்லாம் கால்நடைதான். வீட்டுக்கு வீடு நடப்பார், நடுவில் மார்க்கெட் போவார், மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி போவார். அவர் அதை நடை என்று நினைத்ததே இல்லை. யாரும் நடக்கச் சொன்னதும் இல்லை. இடம் மாறியதும் அந்த ஐந்து வீடும் போயின. இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்து காலை ஆறு மணிக்கு யார் வீட்டில் போய்ப் பாத்திரம் தேய்ப்பது? இப்போது ஓ.எம்.ஆரில் உள்ள ஒரு பெரிய அடுக்ககத்தில், எண்பது வயது அம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்கிறார். காலை ஏழு முதல் இரவு ஏழு வரை. மாதச் சம்பளம் அந்த ஐந்து வீட்டுக் கூலியைவிடக் கூடத்தான். இதைக் கவனிக்க வேண்டும், சித்தியின் வருமானம் குறையவில்லை. வேலை மட்டும் உட்கார்ந்த வேலை ஆகிவிட்டது. அந்தம்மா தூங்கினால் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், விழித்தால் தூக்கி உட்கார வைக்க வேண்டும். ஒருநாள் என் பழைய போனை அவர் கைப்பையில் போட்டு அனுப்பினேன். இரவு எடுத்துப் பார்த்தபோது 2,900 எட்டு நடந்ததாகக் காட்டியது. அன்று அம்மாவைப் போனில் கேட்டேன். காலையில் பூங்காவில் மட்டுமே ஆறாயிரத்தைத் தாண்டியிருந்தார்.

சாப்பாட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் டாக்டர் சொன்னது அதைத்தான். சித்திக்கு எதைச் சாப்பிட வேண்டும் என்று தெரியாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்த எண்பது வயது அம்மாவுக்கும் சர்க்கரை. அவருக்குச் சமைப்பது சித்திதான். காலையில் கேழ்வரகு அடை, பதினோரு மணிக்கு மோர், மத்தியானம் ஒரு கப் சாமைச் சோறும் இரண்டு கப் காயும், வாரம் மூன்று நாள் கீரை, சாயங்காலம் சுண்டல். அளவு கப்பை வைத்து அளந்து போடுகிறார். ஒரு டயட்டீஷியன் எழுதிக் கொடுத்த பட்டியல் முழுக்க அவருக்கு மனப்பாடம். எனக்கே இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னார். அந்தச் சமையலைச் செய்து வைத்துவிட்டு, தான் காலையில் கட்டிக்கொண்டு போன புளிசோற்றை சமையலறை ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். அந்த வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், வேண்டாம் என்று சொல்கிறவர்கள் இல்லை. சித்திதான் கேட்பதில்லை.

மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவருக்கு ஏழு மணிக்கு வேலை முடியும்போது பசி வயிற்றைப் பிடுங்கும். பஸ் நிறுத்தத்தில் ஒரு தள்ளுவண்டி, சூடாக பஜ்ஜி போட்டுக்கொண்டிருக்கும். நாலு பஜ்ஜியும் சர்க்கரை போட்ட ஒரு டீயும் அவருடைய அந்த நாளின் ஒரே சொகுசு. எட்டு மணிக்கு வீடு. அப்புறம்தான் சமையல். சித்தியின் பிளாக்கில், தரைத்தளத்தில் ஒருவர் வீட்டு ஜன்னலையே கடையாக வைத்திருக்கிறார். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டுகள் தோரணம் மாதிரி தொங்கும். காய் என்று பார்த்தால் வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு. சில நாள் வாடிய கத்திரிக்காய். கீரைக்காரம்மா காலை பத்து மணிக்குத்தான் வருகிறார், அப்போது வேலைக்குப் போகிற எந்தப் பெண்ணும் வீட்டில் இல்லை. சிந்தாதிரிப்பேட்டையில் ராத்திரி ஒன்பது மணிக்கு மிச்சக் காயைக் கூறு கட்டி விற்பார்கள். பத்து ரூபாய்க்கு ஒரு கூறு. ஒரு குடும்பத்தின் குழம்புக்கு அது போதும். சித்தி அந்தக் கூறைப் பற்றிப் பேசும்போது ஊரை விட்டுப் போனவர்கள் ஆற்றைப் பற்றிப் பேசுவது போலப் பேசுகிறார்.

வீட்டில் எப்போதும் இருப்பது ரேஷன் அரிசி, ரேஷன் சர்க்கரை, ரேஷன் பாமாயில். இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இலவச அரிசிதான் ஏழைகளைக் குண்டாக்குகிறது, சோம்பேறியாக்குகிறது என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. என் பாட்டி கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டுப் பிள்ளை பெற்றவர். 2011-இலிருந்து அரிசிக்குக் காசில்லை என்பதால்தான் எங்கள் சொந்தத்தில் பட்டினி என்ற சொல் மறைந்தது. பசியை விரட்டிய அரிசி அது. குறை என்னவென்றால், நாம் அங்கேயே நின்றுவிட்டோம். சென்னை மக்களின் சாப்பாட்டில் கிட்டத்தட்ட பாதிக் கலோரி தீட்டிய தானியத்திலிருந்து, அதிலும் பெரும்பங்கு வெள்ளை அரிசியிலிருந்து வருகிறது என்று இதே சென்னையில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சித்தியின் தட்டில் அது பாதிக்கு மேல்தான் இருக்கும். இருநூறு ரூபாய் கையில் இருக்கும்போது வயிற்றை நிரப்பும் பொருள் காசில்லாமல் வீட்டிலேயே இருக்கிறது, சத்துக்கான பொருள் காசும் கேட்கிறது, தேடியும் போகச் சொல்கிறது. யாராக இருந்தாலும் தட்டில் எது ஏறும்? சித்தியின் ரத்தப் பரிசோதனையில் இன்னொன்றும் தெரிந்தது: 81 கிலோ எடை, ஹீமோகுளோபின் 9.2. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல், 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று அதே குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. நிறைய சாப்பிடுகிற உடம்பு என்று டாக்டர் பார்த்தது, போதிய சத்துக் கிடைக்காத உடம்பும்தான்.

நாலாம் நாள் ராத்திரி

நாலாம் நாள் சித்தி வழக்கம்போல எட்டு மணிக்கு வந்தார். “வாங்க, கீழே ஒரு சுத்து நடந்துட்டு வரலாம்” என்றேன். நான் வாங்கிக் கொடுத்த ஷூ அட்டைப்பெட்டியோடு பீரோ மேல் இருந்தது. அதை எடுக்கவில்லை, செருப்போடுதான் வந்தார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்றாவது மாடிப் படியில் நாலு பேர் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார்கள், ஒருவர் “வாங்கக்கா” என்றுகூடச் சொன்னார். ஆனாலும் சித்தி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கீழே இரண்டு பிளாக்குகளுக்கு நடுவில் இருந்த ஐந்து விளக்குக் கம்பங்களில் இரண்டுதான் எரிந்தன. உடைந்த நடைபாதைக் கல், தேங்கிய கழிவுநீர், கட்டடம் கட்டியபோது மிஞ்சிய காங்கிரீட் குவியல், அதன் மேல் நாய்கள். பிளாக்கின் மூலை வரை போய்த் திரும்பினோம். இருநூறு எட்டுகூட இருக்காது. திரும்பும்போதுதான் மணிக்கட்டை விட்டார்.

“நீ இருக்கியேன்னுதான் வந்தேன்” என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “நடக்கிறதுக்கு அங்கதான்பா நல்ல எடம் இருக்கு” என்றார். எங்கே என்று கேட்டேன். வேலை பார்க்கும் அடுக்ககத்தில் நடப்பதற்கென்றே சிவப்புக் கல் பதித்த பாதை, இரண்டு பக்கமும் புங்க மரம், சாயங்காலம் ஐந்து மணிக்கே விளக்கு போட்டுவிடுவார்களாம். “அந்தம்மாவை வண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டு தெனம் ரெண்டு சுத்து போவேன். அதுல போறப்ப முட்டி வலிக்கவே வலிக்காது.” அப்படியானால் வேலை முடிந்ததும் அங்கேயே நாலு சுற்று நடந்துவிட்டு வரலாமே என்றேன். சித்தி என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். “வண்டி இல்லாம நான் தனியா நடந்தா வாட்ச்மேன் வந்து எந்த வீட்டுக்கு வந்திருக்கன்னு கேப்பாருப்பா.”

அதற்குப் பிறகு நான் பேசவில்லை. மாடி ஏறும்போது ஒவ்வொரு தளத்திலும் சித்தி நின்றார், நானும் நின்றேன். மனசு வச்சா முடியும் என்று நான் சொன்னது நாலு மாதம் கழித்து அந்தப் படிகளில் எனக்கே திரும்பி வந்தது. அம்மா அப்படி என்ன மனசு வைத்தார்? அவருக்குத் திருமங்கலத்தில் காலை ஐந்தரைக்கு வாசலைத் திறந்தால் நடக்கிற பெண்கள் நாலு பேர் கூப்பிடுகிறார்கள். தெருமுனையில் கீரை. பென்ஷன் வருவதால் வேலைக்குப் போக வேண்டியதில்லை. தூக்கம் ஏழு மணி நேரம். அம்மாவைக் குறைத்துச் சொல்லவில்லை, அவர் ஒழுங்காக நடக்கிறவர்தான். ஆனால் சித்தியின் முகவரியில் அம்மாவைக் குடிவைத்தால் அந்த 63 கிலோ அங்கேயே நிற்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அமெரிக்காவில் இதைக் கிட்டத்தட்ட இப்படியே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1994 முதல் 1998 வரை பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் நகரங்களில், வறுமை மிகுந்த பகுதிகளின் அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்த 4,498 குடும்பங்களிடையே குலுக்கல் போட்டார்கள். ஒரு பிரிவினருக்கு வறுமை குறைந்த பகுதியில் வீடு எடுக்க வாடகை உதவிச் சீட்டு, இன்னொரு பிரிவினருக்கு எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற சீட்டு, மூன்றாவது பிரிவினருக்கு எதுவும் இல்லை. மூவிங் டு ஆப்பர்ச்சூனிட்டி என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். பத்துப் பதினைந்து வருடம் கழித்து அந்தக் குடும்பத்துப் பெண்களின் எடையையும் ரத்தத்தையும் பார்த்தார்கள். நல்ல பகுதிக்கான சீட்டு விழுந்தவர்களிடம் தீவிரப் பருமன், அதாவது உடல் நிறை எண் 35-க்கு மேல் போவது, 4.6 சதவீதப் புள்ளி குறைவாக இருந்தது. சர்க்கரை நோயின் அடையாளம் 4.3 சதவீதப் புள்ளி குறைவு. சீட்டு விழுந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர்தான் உண்மையிலேயே அந்த வீட்டுக்குக் குடிபோனார்கள் என்பதையும் சேர்த்தால் இது சின்ன வித்தியாசம் இல்லை. இன்னொன்றுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்தப் பெண்களின் சம்பாத்தியம் பெரிதாக உயரவில்லை. அவர்களுக்கு யாரும் டயட் பட்டியல் கொடுக்கவில்லை, நடக்கவும் சொல்லவில்லை. மாறியது தெரு.

இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது, அவர்கள் செய்ததற்கு நேர் எதிரான ஒன்றைச் சென்னையில் நாம் பல வருடமாகச் செய்துகொண்டிருக்கிறோம் என்பதுதான். கடை, மார்க்கெட், வேலை, பள்ளி எல்லாம் கால் எட்டும் தூரத்தில் இருந்த மக்களை அவையெல்லாம் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோனோம். கூவம் கரையை நான் சொர்க்கமாக்கவில்லை. கொசுவும் நாற்றமும் வெள்ளமும் எனக்கும் தெரியும். தி.நகர் போன்ற இடங்களில் நகரத்துக்குள்ளேயே இருக்கிற ஏழைகளிடமும் இந்த நோய்கள் ஏறித்தான் இருக்கின்றன, அதனால் எல்லாவற்றையும் இடமாற்றத்தின் தலையில் கட்டவும் முடியாது. டிவி, மலிவு எண்ணெய், பாக்கெட் தீனி எல்லா இடத்துக்கும் வந்துவிட்டன. ஆனால் வீடு கட்டியவர்கள் வீட்டை மட்டும்தான் கட்டினார்கள். அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் எங்கே நடப்பாள், எத்தனை மணிக்கு, எந்தக் காயை எங்கே வாங்குவாள் என்பதை வரைபடத்தில் யாரும் போடவில்லை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சித்தியின் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீடு தேடி வருகின்றன. கொண்டுவருகிற பெண் ஆறு மாடியும் ஏறி வருகிறார், அவருக்கு என் வணக்கம். அந்த வாசலுக்கு மாத்திரை வர முடியுமானால் கீரையும் வர முடியும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

காலனிக்காரர்கள் கட்டிய பூங்கா

முன்னால் சொன்ன சென்னை ஆய்வில் ஒரு கிளைக்கதை உண்டு. நடுத்தர வருமானப் பகுதியாக அவர்கள் எடுத்துக்கொண்டது, எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள ஆசியாட் காலனி. ஆய்வுக் குழு அங்கே சர்க்கரை நோயைப் பற்றிப் பேசப் பேச, காலனிக்காரர்கள் சேர்ந்து தங்கள் சொந்தக் காசில் ஒரு பூங்காவே கட்டிவிட்டார்கள். முன்பு வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 சதவீதம். பூங்கா வந்து சில வருடத்தில் 58.7 சதவீதம். இது உண்மையிலேயே அருமையான விஷயம், அந்தக் காலனிக்காரர்களை மனதாரப் பாராட்டுகிறேன். பத்து வருடத்தில் அங்கே சர்க்கரை நோய் மெதுவாக ஏறியதற்கும் ஏழைகள் பகுதியில் மடமடவென்று ஏறியதற்கும் உள்ள வித்தியாசத்துக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

அந்தப் பூங்கா எப்படி வந்தது? இடம் இருந்தது, சங்கம் இருந்தது, கையில் மிச்சக் காசு இருந்தது, அதிகாரிகளிடம் போய்ப் பேசத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், சாயங்காலம் கூட்டம் போட நேரமும் இருந்தது. பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு எட்டு மணிக்கு வீடு வருகிற பெண்களிடம் போய், நீங்களும் இப்படி ஒன்று கட்டிக்கொள்ளுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? அவர்களுக்கு அந்த இடம் கட்டும்போதே கிடைத்திருக்க வேண்டும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த காங்கிரீட் குவியல் கிடக்கும் இடத்தைச் சுற்றி நடந்து அளந்தேன். குவியலை எடுத்துவிட்டால் ஒரு சுற்றுக்கு 310 எட்டு வருகிறது. பிளாக்கில் உள்ள பெண்கள் இருபத்தேழு பேர் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார்கள். குவியலை அகற்ற வேண்டும், தரையைச் சமப்படுத்த வேண்டும், மூன்று விளக்குகளைச் சரிசெய்ய வேண்டும், வாரத்தில் இரண்டு நாள் மாலையில் காய்கறி வண்டி நிற்க இடம் ஒதுக்க வேண்டும் என்று மனு எழுதினேன். விளக்குகள் அதிகாலை நாலரை முதல் ஆறரை வரை எரிய வேண்டும் என்றும் எழுதியிருந்தேன். சித்தியிடம் வாசித்துக் காட்டினேன்.

“காலையில யாருப்பா நடப்பாங்க? அப்பத்தான் தண்ணி வரும், ஆறு மணிக்கு பஸ்சு” என்றார். “ராத்திரி எட்டுல இருந்து பத்து வரைக்கும் எரியட்டும். அப்பத்தான் நாங்கல்லாம் வீட்டுக்கு வர்றோம்.”

பேனாவை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டு, எட்டு முதல் பத்து வரை என்று எழுதினேன்.